யாவாத் தீவின் பந்தயச் சாரதி

தேரைச் செலுத்துபவனைச் சாரதி என்பது நெடுங்கால வழக்கு. மோட்டார்க் கார் வந்த பின்னர் அதனைச் செலுத்துபவருக்கும் இலங்கைத் தமிழர் அப்பெயரையே வழங்கினர். யாவாத் தீவு மக்களுக்கும் சாரதி புதியவன் அல்லன். இஸ்லாத்தைத் தழுவிப் பல நூற்றாண்டுகள் சென்ற பின்னரும், பாரதக் கதையைத் தோற்பாவைக் கூத்தாக இரா முழுவதும் விழித்திருந்து பார்க்கும் மக்கள் அவர்கள். தலைநகராகிய யகார்த்தாவின் நடுவே, அருச்சுனனும் கண்ணனும் ஏறிய தேரைக் குதிரைகள் பாய்ந்து இழுக்கும் பெருஞ்சிலை ஒன்று 1987ஆம் ஆண்டு தொடக்கம் நிற்கின்றது. அத்தகைய நாட்டிலிருந்து, உலகத்துக் கார்ப் பந்தயங்களுள் தலையாயதெனக் கருதப்படும் போர்முலா 1 பந்தயத்துக்கு ஒரு சாரதி செல்வதற்கு 2016ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அச்சாரதியின் பெயர் ரியோ ஹரியாந்தோ.

அவர் ஓடிய போர்முலா 1 பந்தயங்கள் 12. பெற்ற புள்ளி ஒன்றுமில்லை. புள்ளிக் கணக்கை மட்டும் பார்ப்பவர் இப்பெயரை விரைவிற் கடந்துவிடுவர். ஆயின், அப்பந்தயத்தில் ஓர் ஆசனம் எவ்வாறு கிடைக்கின்றது, எவ்வாறு கைவிட்டுப் போகின்றது என்பதை இவருடைய வரலாறு காட்டுமளவுக்கு வெளிப்படையாகக் காட்டும் வரலாறுகள் மிகச் சில.

ரியோ 1993ஆம் ஆண்டு சனவரி 22ஆம் திகதி நடு யாவாவிலுள்ள சூரகர்த்தா நகரிற் பிறந்தார். சோலோ என்பது அந்நகரின் மறுபெயர். மக்கள் வாயில் வழங்குவதும் அதுவே. பத்திக் துணிக்கும் பாவைக் கூத்துக்கும் பேர்பெற்ற பழைய அரச நகரம் அது. கார்த்தசூராவில் இருந்த மத்தராம் அரசரின் அரண்மனை 1745ஆம் ஆண்டு சோலோவுக்கு மாறியது. அதற்கு முன், அக் கார்த்தசூராவிலிருந்து அரசாண்ட மூன்றாம் அமங்குராத்து என்னும் மன்னரை 1708ஆம் ஆண்டு ஒல்லாந்தர் பிடித்து நாடு கடத்தினர். அவர் கொண்டுவரப்பட்ட இடம் இலங்கை. உயிர் நீத்ததும் இங்கேயே. எனவே, சோலோ இலங்கை நேயர்க்கு முற்றிலும் தொடர்பற்ற ஊர் அன்று.

அரச வம்சத்துக்கும் ரியோவுக்கும் தொடர்பில்லை. தந்தையார் சின்யோ ஹரியாந்தோ கடதாசித் தொழிலில் ஈடுபட்டவர். இந்தோனேசியப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுசெல்லும் 'கிக்கி' என்னும் பெயர்கொண்ட கொப்பிகளைச் செய்து விற்ற குடும்பம் அவருடையது. அவர் தாமும் இளமையிற் பந்தயக் கார் ஓட்டியவர். தாயார் இந்தா பென்னிவாத்தி. மகனின் பந்தயக் காரியங்களைப் பிற்காலத்தில் முன்னின்று நடத்தியவர் அவரே. பிள்ளைகளின் கொப்பி விற்ற காசிலே தொடங்கிய ஓட்டம் எனலாம். ஆறு வயதில், கார்ட் எனப்படும் கூரையற்ற சிறு வண்டியை ரியோ ஓட்டப் பழகினார். உலகத்துப் பந்தயச் சாரதிகள் ஏறக்குறைய எல்லோரும் நடை பழகியது அவ்வண்டியிலேதான்.

ரியோ பிறந்த அதே 1993ஆம் ஆண்டில், போகோர் நகருக்கு அண்மையிலுள்ள செந்தூல் என்னுமிடத்தில் இந்தோனேசியா ஒரு பெரிய பந்தயப் பாதையைத் திறந்தது. சனாதிபதி சுகார்த்தோவின் ஆட்சி உச்சத்திலிருந்த காலம் அது. போர்முலா 1 பந்தயம் தன் நாட்டுக்கு வரவேண்டும் என்ற ஆசையோடு அமைக்கப்பட்ட பாதை. மோட்டார்ச் சைக்கிள் உலகப் பந்தயம் 1996இலும் 1997இலும் அங்கே நடந்தது. 1997இல் ஆசிய நாடுகளைத் தாக்கிய நாணய நெருக்கடியில் ரூபியாவின் பெறுமதி சரிந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் சுகார்த்தோவும் பதவி துறந்தார். போர்முலா 1 செந்தூலுக்கு வரவேயில்லை. 1999இல் மலேசியா செப்பாங்கிற் கட்டிய பாதைக்கே அது வந்து சேர்ந்தது. இதனால், பந்தயம் தன் நாட்டுக்கு வாராமையால் பந்தயத்தைத் தேடிப் பிறநாடு செல்ல வேண்டியவரானார் இந்தோனேசியச் சாரதி.

ரியோவின் முதற்பெருஞ் சித்தி 2009ஆம் ஆண்டு கைகூடியது. மெரிட்டஸ் என்னும் மலேசியக் குழுவுக்காக ஓடி, போர்முலா பீ.எம்.டபிள்யூ. பசிபிக் தொடரின் வெற்றிவீரர் ஆனார். அப்போது வயது 16.  அடுத்த ஆண்டே ஐரோப்பா சென்று, அவ்வாண்டு புதிதாகத் தொடங்கிய ஜீ.பி. 3 என்னும் தொடரிற் சேர்ந்தார். சேர்ந்த குழுவின் பெயர் மானர். இங்கிலாந்தின் யோர்க்சயர் மாகாணத்தைச் சேர்ந்த ஜோன் பூத் என்பவர் வளர்த்தெடுத்த குழு அது. இப்பெயரை நேயர்கள் நினைவிற் கொள்வது நன்று. ரியோவின் ஏற்றமும் இறக்கமும் இரண்டும் இதனோடு பிணைந்தவை.

துருக்கியின் இஸ்தான்புல் பாதையில் ரியோ வெற்றி பெற்றார். ஆண்டு முடிவில் ஐந்தாம் இடம் அவருக்கு. முதலாம் இடம் மெக்சிக்கோவின் எஸ்தேபன் குத்தியேரசுக்கு. நான்காம் இடம், அதாவது ரியோவுக்கு ஒரு படி மேல், அமெரிக்கரான அலெக்சாந்தர் ரோசிக்கு. ரோசி மறுபடியும் இக்கதையில் வருவார். மானர் குழுவின் ஜீ.பி. 3 சாரதிகளுள் முன்னின்றமைக்குப் பரிசாக, அவ்வாண்டு இறுதியில் அபுதாபியில் வெர்ஜின் குழுவின் போர்முலா 1 காரைச் செலுத்திப் பார்க்கும் வாய்ப்பு ரியோவுக்குக் கிடைத்தது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் அக்காரில் இருந்ததைக் கண்ட இந்தோனேசியப் பத்திரிகைகள் அன்றே கனவு காணத் தொடங்கிவிட்டன.

கனவு நனவாக ஐந்து ஆண்டுகளுக்கு மேற் சென்றது. 2011இல் ஜீ.பி. 3 தொடரில் மேலும் இரண்டு வெற்றிகள். 2012இல் அதற்கடுத்த படியாகிய ஜீ.பி. 2 தொடர். போர்முலா 1 பந்தயத்தின் தலைவாயில் அத்தொடர். அங்கே முதலாண்டு 14ஆம் இடம், இரண்டாமாண்டு 19ஆம் இடம், மூன்றாமாண்டு 15ஆம் இடம். ஆண்டுக்கொரு குழு மாறினார். 2013இல் சில்வர்ஸ்டனில் ஒரு முறையும், 2014இல் மொனாக்கோவில் ஒரு முறையும் முதல் மூவருள் வந்தார், அவ்வளவே. இம்மூன்றாண்டுகளும் அவருடைய பெருமைக்குரிய ஆண்டுகள் அல்ல என்பதை மறுப்பதற்கில்லை. வேறொரு நாட்டுச் சாரதியாயின் இந்நிலையில் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார் என்று கூறினோரும் உளர். அத்தொடரில் ஓராண்டு ஓடுவதற்கே அன்று பத்து இலட்சம் யூரோவுக்கு மேற் செலவாகியது. அச்செலவைத் தாங்கியது குடும்பத்தின் பொருளும், அரசாங்க எண்ணெய்க் கூட்டுத்தாபனமான பெர்த்தமினாவின் உதவியும்.

2015ஆம் ஆண்டு அவர் ஸ்பெயின் நாட்டுக் காம்போஸ் குழுவிற் சேர்ந்தார். அங்கே முன்பு கண்டிராத ரியோ ஒருவர் தோன்றினார். அத்தொடரின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லுதல் வேண்டும். சனிக்கிழமை நீண்ட பந்தயம், ஞாயிற்றுக்கிழமை குறும்பந்தயம். சனிக்கிழமை முதல் எட்டு இடங்களைப் பெற்றோர் ஞாயிற்றுக்கிழமை தலைகீழாக நிறுத்தப்பட்டனர்; எட்டாமவர் முன்னும் முதலாமவர் எட்டாமிடத்திலும் தொடங்கினர். ஆதலால், ஞாயிற்றுக்கிழமை வெற்றிகளைச் சிலர் குறைத்து மதிப்பிடுவதுண்டு. ரியோ அவ்வாண்டு பெற்ற மூன்று வெற்றிகளும் ஞாயிற்றுக்கிழமை வெற்றிகளே. ஆயினும் முதல் வெற்றியைச் சற்று நுணுகி நோக்க வேண்டும். பஹ்ரேனில் சனிக்கிழமை இரண்டாமவராக வந்தார். அதனாலேயே மறுநாள் ஏழாமிடத்திலிருந்து தொடங்க நேர்ந்தது. அங்கிருந்து ஆறு கார்களைக் கடந்து வென்றார். பாலைவனத்துச் சூட்டிலும் மணலிலும் டயர்கள் விரைவிலே தேய்ந்துபோகும் பாதை அது. டயரைக் காப்பாற்றி ஓட்டும் பொறுமையும், கடக்க வேண்டிய இடத்திற் கடக்கும் துணிவும் ஒருங்கே அமைந்தாலன்றி அது கைகூடாது. பின்னர் யூன் மாதம் ஒஸ்திரியாவிலும், யூலை மாதம் சில்வர்ஸ்டனிலும் வென்றார். ஆண்டு முடிவில் நான்காம் இடம். பெல்ஜியத்தின் ஸ்தொஃபல் வாண்டோர்ன் முதலாமவர், ரோசி இரண்டாமவர், ரஷ்யாவின் செர்கேய் சிரோத்கின் மூன்றாமவர்.

நான்காமவர் போர்முலா 1 பந்தயத்துக்கு ஏறினார்; இரண்டாமவர் ஏறவில்லை. அதன் காரணத்தை அறிய மானர் குழுவின் நிலையை அறிதல் வேண்டும்.

மானர் 2010இல் வெர்ஜின் என்ற பெயரோடு போர்முலா 1 பந்தயத்துட் புகுந்தது. பின்னர் மாருசியா எனப் பெயர் மாறியது. எப்பொழுதும் கடைசி வரிசையிலே நின்ற ஏழைக் குழு. 2014ஆம் ஆண்டு மொனாக்கோவில் அதன் சாரதியான பிரெஞ்சு இளைஞர் ஜூல் பியாங்கி ஒன்பதாம் இடத்தைப் பெற்று அதற்கு முதற்புள்ளிகளை ஈட்டிக் கொடுத்தார். அவ்வாண்டே ஒக்டோபரில், யப்பானின் சுசூக்கா பாதையில் மழையினூடே விபத்துக்குள்ளாகி, நினைவு திரும்பாமலே 2015 யூலையில் அவர் இறந்தார். குழுவும் 2014 இறுதியில் வங்குரோத்து நிலையை அடைந்து, ஸ்டீபன் பிற்ஸ்பற்றிக் என்னும் செல்வரால் மீட்கப்பட்டது. 2015இன் கடைசிப் பந்தயங்களுள் ஐந்தில் மானர் காரை ஓட்டியவர் ரோசி. குழுவை வளர்த்த ஜோன் பூத் அவ்வாண்டு முடிவில் விலகினார்.

போர்முலா 1 குழுவொன்றின் வரவு செலவு, சாதாரண வணிகத்தைப் போன்றதன்று. பந்தயங்களின் வருவாயில் ஒரு பங்கு, ஆண்டு முடிவில் முதற் பத்து இடங்களைப் பெற்ற குழுக்களுக்கு அன்று பகிரப்பட்டது. 2016இல் ஓடிய குழுக்கள் 11. எனவே, பத்தாவது குழுவுக்கும் பதினோராவது குழுவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, சோற்றுக்கும் பட்டினிக்கும் இடையிலுள்ள வேறுபாடு. அப்பரிசு வந்து சேரும்வரை எஞ்சினுக்கும் சம்பளத்துக்கும் பணம் வேண்டும். இரு கார்களுள் ஒன்றன் ஆசனத்தை மெர்சிடிஸ் நிறுவனம் தன் வளர்ப்புச் சாரதியாகிய யேர்மனியின் பஸ்கால் வேர்லைனுக்குப் பெற்றுக் கொடுத்தது. மானருக்கு எஞ்சின் வழங்கியதும் அந்நிறுவனமே. மற்ற ஆசனம் பணம் கொண்டு வருபவருக்குரியது. கேட்கப்பட்ட தொகை ஒரு கோடி 50 இலட்சம் யூரோ.

இவ்வழக்கம் ரியோவோடு தொடங்கியதன்று. தென்கிழக்காசியாவிலிருந்து அவருக்கு முன் அவ்வரங்கில் ஓடிய இருவரை நினைத்தாலே போதும். 1950ஆம் ஆண்டு மே மாதம் சில்வர்ஸ்டனில் உலகச் சாரதிகள் தொடரின் முதற்பந்தயம் நடந்தபோதே, சீயம் நாட்டு இளவரசர் பீரா தமது மசெராத்திக் காரோடு அதில் நின்றார். மொங்குத் மன்னரின் பேரர் அவர். அவருடைய பந்தயக் குழுவை நடத்தியவர் வணிகர் அல்லர், உறவினரான இளவரசர் சூலா. அன்று அரச குடும்பத்துச் செல்வம் போதியதாயிருந்தது. 2001இல் மினார்டி குழுவிற் சேர்ந்த மலேசியர் அலெக்ஸ் யூங்கின் பின்னால் மலேசிய லொத்தர்க் கம்பனி ஒன்று நின்றது. பீரா திறமைசாலி; யூங் அத்துணைத் திறமையைக் காட்டவில்லை. ஆனால் இருவருடைய ஆசனத்துக்கும் விலை இருந்தது. ரியோவின் காலத்தில் அவ்விலை, ஒரு குடும்பமோ ஒரு கம்பனியோ தாங்கக்கூடிய எல்லையைக் கடந்துவிட்டது. அதனால் அது ஒரு தேசத்தின் கணக்கில் வந்து விழுந்தது.

இந்தோனேசியாவின் இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சர் இமாம் நஹ்ராவி, 10,000 கோடி ரூபியாவை அரசாங்கம் வழங்கும் என்று கூறினார். பெர்த்தமினா ஏறத்தாழ 50 இலட்சம் யூரோவை ஏற்றுக்கொண்டது. குடும்பமும் தன் கைப்பொருளை இட்டது. 2016 பெப்ரவரி 18ஆம் திகதி ரியோ ஹரியாந்தோ தன் சாரதி என மானர் அறிவித்தது. யகார்த்தாவில் மகிழ்ச்சி பொங்கியது.

பாராளுமன்றத்திலோ வேறு பேச்சு நடந்தது. வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்படாத பணத்தை ஒரு தனி மனிதரின் ஆசனத்துக்காக எப்படிக் கொடுப்பது என்று உறுப்பினர் கேட்டனர். அக்கேள்வியை அற்பக் கேள்வி என்று தள்ளுதல் தகாது. பாட்மின்டன் விளையாட்டில் ஒலிம்பிக் தங்கம் வென்று தந்த நாடு அது. அதே ஆண்டு ஓகஸ்டில் ரியோ தெ ஜனேரோ நகரில் ஒலிம்பிக் விழா இருந்தது. ஆயிரக்கணக்கான தீவுகளில் விளையாட்டுத் திடலற்ற பள்ளிக்கூடங்கள் இருக்கையில், ஐரோப்பியச் செல்வரின் குழுவொன்றுக்குப் பொதுப்பணம் போகலாமா என்பதற்கு எளிய விடை இல்லை. மறுபுறத்தில், ஒரு நாட்டின் அமைச்சர் உறுதிமொழி கொடுத்து, அதனை நம்பி ஒப்பந்தம் எழுதப்பட்ட பின்னர், கொடுக்க முடியாது என்பது இன்னுமொரு வகைக் குற்றம். கேட்க வேண்டிய கேள்வியைப் பாராளுமன்றம் கேட்டது. ஆனால் அது கேட்கப்பட்ட காலம் பிந்திவிட்டது. அப்பணம் வரவில்லை.

காலமும் வாய்க்கவில்லை. 2016 சனவரியில் உலகச் சந்தையில் எண்ணெய் ஒரு பீப்பாய் 30 டொலருக்கும் கீழே வீழ்ந்தது. எண்ணெய்ப் பணத்தை நம்பிய சாரதி ரியோ ஒருவர் மட்டுமல்லர். வெனிசுவேலா நாட்டின் பாஸ்தர் மால்தொனாதோ, 2012இல் ஸ்பெயினில் ஒரு கிராண்ட் பிறீ பந்தயத்தையே வென்றவர், தம் நாட்டு எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் பணம் வாராமையால் அதே மாரிகாலத்தில் ரெனோ குழுவில் ஆசனம் இழந்தார். ஒருவர் இறங்கிய ஏணியில் மற்றவர் ஏறிக்கொண்டிருந்தார்.

2016 மார்ச்சு 20ஆம் திகதி மெல்பேணில் அவுஸ்திரேலியக் கிராண்ட் பிறீ. முதல் நாள் பயிற்சியின்போது, கார்களைத் திருத்தும் கொட்டில்களின் முன்னுள்ள ஒடுங்கிய வழியில் ரியோ பிரெஞ்சுச் சாரதி ரொமான் குரோஜானின் காரோடு மோதினார். பதற்றத்தில் நேர்ந்த பிழை. அதற்குத் தண்டமாக மூன்று இடங்கள் பின்தள்ளப்பட்டார். ஆயின், அன்று பிற்பகல் நேரக் கணிப்பு ஓட்டத்தில் 21ஆம் இடத்தைப் பெற்று வேர்லைனை முந்தியிருந்தார். முதற்பந்தயத்திலேயே மெர்சிடிஸ் நிறுவனத்தின் நம்பிக்கைக்குரிய இளைஞரை அதே காரில் முந்தியது சிறு செய்தி அன்று. தண்டத்தினால், தொடங்கும்போது வரிசையின் கடைசியில் நின்றார்.

எண் 88 தாங்கிய காரில், சாரதியோடு சேர்த்து 702 கிலோகிராமுக்குக் குறையாத நிறையும் 1.6 லீற்றர் எஞ்சினும் உடைய அவ்விசைப்பொறியில், யாவாவின் சாரதி புறப்பட்டார். பதினேழாவது சுற்றில் பெர்னாண்டோ அலொன்சோவின் கார் தூக்கியெறியப்பட்டு நொறுங்க, பந்தயம் இடைநிறுத்தப்பட்டது. அலொன்சோ உயிரோடு எழுந்து நடந்தார். பந்தயம் மீண்டும் தொடங்கியபோது ரியோவின் கார் ஓடவில்லை. எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு விசையைக் கொண்டு செல்லும் பகுதி பழுதாகியிருந்தது.

பஹ்ரேனில் 17ஆம் இடம். ரஷ்யாவில் முதற்சுற்றிலேயே மோதலில் அகப்பட்டு விலகினார். ஸ்பெயினில் மறுபடியும் 17. இவற்றை ஒவ்வொன்றாக விரித்துரைப்பதிற் பயனில்லை. பின்வரிசைக் காரின் கதை எங்கும் ஒரே கதை.

மே மாதம் 29ஆம் திகதியை மட்டும் தனியே எடுத்துக் கூற வேண்டும். அன்று மொனாக்கோவில் மழை. பாதுகாப்புக் காரின் பின்னே ஊர்ந்தபடி பந்தயம் தொடங்கிற்று. ஒரு பக்கம் இரும்புத் தடுப்பு, மறு பக்கமும் இரும்புத் தடுப்பு. நனைந்த தெருவில் ஒரு சாண் பிசகினாலும் ஓட்டம் முடிந்தது. உலக வெற்றிவீரராக இருந்த ஒருவரும் அன்று தடுப்பிலே மோதினார். ரியோ மோதவில்லை. 15ஆம் இடத்தில், ஓடி முடித்தவருட் கடைசியாக, முதலாமவருக்கு நான்கு சுற்றுகள் பின்னே வந்து சேர்ந்தார். அவர் பெற்ற இடங்களுள் அதுவே சிறந்தது.

அதே நாள், கடலுக்கு அப்பால் அமெரிக்காவில், நூறாவது இந்தியானாப்பொலிஸ் 500 மைல் பந்தயம் நடந்தது. அதில் முதன்முறையாக ஓடிய ஒரு சாரதி, பெற்றோல் நிரப்ப மற்றவர் நிறுத்திய வேளையில் தாம் நிறுத்தாமல், துளித் துளியாகச் சிக்கனம் செய்து, கடைசிச் சுற்றில் எஞ்சின் அடங்கும் தறுவாயில் உருண்டு வந்து வென்றார். அவர் அலெக்சாந்தர் ரோசி. பணமில்லாமையால் ரியோவுக்கு மானர் ஆசனத்தை விட்டுக் கொடுத்தவர். ஆசனம் கிடைத்தவர் மழையிற் கடைசியாக ஓடிக்கொண்டிருந்தார். கிடைக்காதவர் அமெரிக்காவின் தலையாய பரிசைப் பெற்றார். இதனைக் கொண்டு ரியோவைப் பழிப்பது நேர்மையாகாது. ரோசிக்கு நேர்ந்ததும் ரியோவுக்கு நேரவிருந்ததும் ஒரே வழக்கத்தின் இரு முகங்கள்.

யூலை தொடக்கத்தில் ஒஸ்திரியாவில் வேர்லைன் பத்தாமவராக வந்து மானருக்கு ஒரு புள்ளியைப் பெற்றுக் கொடுத்தார். ரியோ 16ஆமவர். அந்நாளே இருவருக்குமிடையே உள்ள வேறுபாட்டை உலகத்துக்குக் காட்டிய நாள் எனல் வேண்டும். நேரக் கணிப்பு ஓட்டத்தில் ரியோ அடிக்கடி வேர்லைனை நெருங்கினார். சில வேளை முந்தினார். நீண்ட பந்தயத்தில், வாய்ப்பு ஒன்று திறக்கும் கணத்தில், அதனுட் புகுந்துகொள்பவராக விளங்கியவர் வேர்லைன். சில்வர்ஸ்டனில் ரியோ ஈரப் பாதையில் வழுக்கி விலகினார். ஹங்கேரியில் 21ஆம் இடம், யேர்மனியில் 20ஆம் இடம்.

இதற்கிடையே பணத்தைத் தேடும் முயற்சி ஊர் முயற்சியாயிற்று. கைத்தொலைபேசியிற் குறுஞ்செய்தி ஒன்றை அனுப்பினால் 5,000 ரூபியா ரியோவின் நிதிக்குச் சேரும் என்று ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. கோயிற் கும்பாபிஷேகத்துக்குப் பிடியரிசி சேர்ப்பதுபோல, ஒரு கோடியே 50 இலட்சம் யூரோவைச் சில்லறையாகச் சேர்க்க எண்ணிய அம்மக்களின் அன்பு வியத்தற்குரியது. ஆயின், கடலைக் கைக்குவளையால் இறைக்க முடியாதே. கேட்ட தொகையில் ஏறத்தாழப் பாதியே மானரிடம் போய்ச் சேர்ந்தது. பாதிப் பணத்துக்குப் பாதி ஆண்டு. யூலை 31ஆம் திகதி ஹொக்கன்ஹைமில் நடந்த யேர்மன் கிராண்ட் பிறீ ரியோவின் கடைசிப் போர்முலா 1 பந்தயமாயிற்று.

ஓகஸ்ட் 10ஆம் திகதி மானர் தன் முடிவை அறிவித்தது. பெல்ஜியப் பந்தயம் முதல் அந்த ஆசனம் பிரான்சின் எஸ்தெபன் ஒக்கோனுக்கு. வயது 19, முந்திய ஆண்டு ஜீ.பி. 3 தொடரின் வெற்றிவீரர். வேர்லைனைப் போல மெர்சிடிஸ் நிறுவனத்தின் அரவணைப்பில் வளர்ந்தவர். சீயத்து அரச செல்வம், மலேசிய லொத்தர்க் கம்பனி, இந்தோனேசிய எண்ணெய்க் கூட்டுத்தாபனம் ஆகிய யாவற்றினும் உறுதியான புரவலர், கார் செய்யும் நிறுவனமே என்பது அப்போது விளங்கிற்று. ரியோவுக்கு மாற்றுச் சாரதி என்ற பதவி தரப்பட்டது. கசப்பான சொல் எதுவும் கூறாமல் அவர் அதனை ஏற்றுக்கொண்டார். அவரை இறக்கிய குழுவினரும் அவருடைய பணிவையும் நன்னடத்தையையும் புகழ்ந்தே பேசினர்.

மானரின் முடிவு அதன் பின்னர் மூன்று மாதங்களில் நெருங்கியது. வேர்லைன் பெற்ற ஒரேயொரு புள்ளியின் பலத்தில் அது பத்தாமிடத்தில் இருந்தது. சவுபர் குழு புள்ளியின்றிக் கடைசியில் இருந்தது. நவம்பர் 13ஆம் திகதி பிரேசிலில், இடைவிடாத மழையில், சவுபர் குழுவின் பிரேசில் நாட்டுச் சாரதி பிலிப்பே நாசர் ஒன்பதாமவராக வந்தார். இரண்டு புள்ளிகள். மானர் பதினோராம் இடத்துக்கு இறங்கியது. எதிர்பார்த்திருந்த பரிசுப் பணமும் போயிற்று. குழுவை வாங்குவதற்கு வந்தவர் எவரோடும் பேரம் முடியவில்லை. 2017 சனவரியில் அது நிர்வாகிகளின் கையில் ஒப்படைக்கப்பட்டு, அம்மாத முடிவிலேயே மூடப்பட்டது. 200க்கு மேற்பட்டோர் வேலை இழந்தனர். அவ்வாண்டுக்கென வரையப்பட்டிருந்த கார் ஒருநாளும் ஓடவில்லை.

ஒக்கோன் அதற்கு முன்னரே வேறொரு குழுவுக்குச் சென்றுவிட்டார். வேர்லைனும் 2017இல் சவுபர் குழுவிற் சேர்ந்தார். இருவரையும் வைத்துக் காப்பாற்றியது மெர்சிடிஸ். மாற்றுச் சாரதியாயிருந்த ரியோவுக்கு, மாற்றாக இருப்பதற்கும் குழு இல்லாமற் போயிற்று. அவர் சோலோவுக்குத் திரும்பினார். 2019ஆம் ஆண்டு, இந்தோனேசியக் குழுவொன்றின் பெராரிக் காரில், ஆசியாவில் நடைபெற்ற ஜீ.ரீ. தொடரில் அவர் மீண்டும் பந்தயம் ஓடினார். அக்காரை இருவர் பகிர்ந்து ஓட்டுவர். பந்தயத்தின் நடுவே ஒருவர் இறங்க மற்றவர் ஏறுவார்.